ஈரப்பதம்

வேளாங்கண்ணி ரோட்டில்
சவரிராயன் வீட்டுக் காவல் கூஸ் வாத்து
என் பேண்ட்டைக் கிழித்ததற்குச் சமாதானமாக
வந்தவை இந்த ஏழு முட்டைகள்.
ஒரு கைக்குள் அடங்காத கனம்.
ஆம்லேட் போடவா என்றாள் மங்கையர்க்கரசி.
எனக்கு என்ன தோன்றிற்றோ,
மீன்காரரிடம் ஒரு தெர்மாக்கோல் பெட்டி கேட்டேன்.
நாற்பது வாட் குண்டு பல்பு, ஒரு தெர்மோஸ்டாட்.
மூடியைத் திறந்தால் இன்னும் வஞ்சிரம் வாடை.

பென்சிலால் ஒரு பக்கம் கூட்டல் குறி, மறுபக்கம் சுழி.
நாளுக்கு ஐந்து முறை திருப்பவேண்டும்.
நடுப்பகல் முறை அவளுடையது.
திருப்பியதும் 'சுழி' என்று மெசேஜ் வரும்.
சிப்பம் எண்ணிக்கொண்டிருப்பவன்
எண்ணிக்கையை மறந்து சிரிப்பேன்.

கொரடாச்சேரிக்குத் தெற்கே
நெல் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுத்தர் நான்.
பதினேழு சதம் வரை எடுக்கலாம்.
மீட்டரில் ஒரு பிடி போட்டு எண்ணைப் பார்த்து
'காய வைங்க' என்பது என் வேலை.
ஐப்பசி வானத்தின் கீழ் நின்றுகொண்டு
ஒரு நாளைக்கு அறுபது முறை
அதைச் சொல்லியிருப்பேன்.
வீட்டுக்கு வந்தால்
பெட்டிக்குள் ஐம்பத்தைந்து காட்டும்.
போதாதோ என்று இன்னொரு கிண்ணம் தண்ணீர் வைப்பேன்.

பத்தாம் நாள் மொபைல் டார்ச்சை அழுத்திப் பார்த்தோம்.
ஐந்தில் சிவப்பு நூல்கள்,
நடுவே துடிக்கிற ஒரு புள்ளி.
இரண்டு வெறும் மஞ்சள் வெளிச்சம்.
அவற்றையும் எடுத்துப்போட மனம் வராமல்
ஒரு வாரம் திருப்பினாள் மங்கை.

இருபத்திரண்டாம் நாள் இரவு
புயல் நாகையைத் தொடும் முன்பே கரண்ட் போனது.
இன்வெர்ட்டர் இரண்டு மணி நேரம் தாங்கியது.
முப்பத்தேழு, முப்பத்தாறு, முப்பத்து நாலு.
அப்போதுதான் பக்கிரிசாமி நினைவுக்கு வந்தார்.
மூன்று நாளாக என் மேசைமுன் சொன்னவர்:
'நெல்லு கொதிக்குது சார், கையை விட்டுப் பாருங்க.'
நான் விட்டுப் பார்க்கவில்லை.
இருபத்திரண்டு காட்டியது மீட்டர், அது போதும் எனக்கு.

ஐந்து முட்டைகளைத் துண்டில் சுற்றி
மங்கை மடியில் வைத்துக்கொள்ள
டிவிஎஸ் எக்ஸெல்லில் தண்ணீரைக் கிழித்துப் போனோம்.
தார்ப்பாய்க்கு அடியில் அவர் விழித்திருந்தார்.
வந்த காரியத்தைச் சொன்னபோது
டார்ச்சை என் முகத்தில் அடித்து
கொஞ்ச நேரம் பார்த்தார்.
பிறகு முழங்கை வரை நெல்லுக்குள் விட்டு
'இங்க ரொம்பச் சூடு,
இங்க வைங்க' என்றார்.

விட்டேன் கையை.
புளித்த மணம். காய்ச்சல்காரனின் அக்குள் போல ஒரு சூடு.
தெர்மாமீட்டர் முப்பத்தெட்டில் நின்றது.

விடிய விடிய அவர்தான் திருப்பினார்.
'கூட்டல் வந்துருச்சு' என்பார் இருட்டில்.
காலையில் மீட்டர் இருபத்தொன்று காட்டியது.
அதற்கு நான் என்ன எழுதினேன் என்பது
அவருக்கும் எனக்கும் தெரியும்.

முப்பதாம் நாள் முட்டைக்குள்ளிருந்து பேச்சு.
நான் விசில் அடித்தால் பதில் வந்தது.
ஓட்டில் நட்சத்திரமாய் ஒரு விரிசல்.
உதவக்கூடாது என்று தெரிந்தும்
நகத்தை மடக்கிக்கொண்டு ஒன்றரை நாள் உட்கார்ந்திருந்தோம்.
மூன்று வந்தன, நனைந்த பழந்துணி போல.
நான்காவது வரவேயில்லை.
ஐந்தாவது மூக்கால் ஒரு ஓட்டை போட்டு
அதற்குள்ளேயே அடங்கிப்போனது.
உடைத்துப் பார்த்தேன்.
சவ்வு காய்ந்து தோலோடு ஒட்டியிருந்தது,
காகிதம் போல.

ஈரம் போதவில்லை.
பதினோரு வருட வேலையில் ஒருமுறையும்
நான் எழுதியறியாத காரணம்.

இப்போது மூன்றும்
என் செருப்புச் சத்தத்துக்குப் பின்னால் வருகின்றன,
வாசல் குட்டைத் தண்ணீரைத் தாண்டி, கீச்சிட்டபடி.
வண்டியைக் கிளப்ப முடியவில்லை.
'ஏங்க, லேட்டாகுது' என்கிறாள் மங்கை,
ஒன்றைத் தூக்கி
ஈரக் காலோடு முந்தானையில் போட்டுக்கொண்டு.